தேர்வு நடத்திப் பிழைத்த அறநிறுவனம்

2021 ஜூலையில் பிரிட்டிஷ் கவுன்சில், இந்தியாவில் தான் நடத்திவந்த ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுத் தொழிலை ஐடிபி என்ற ஆஸ்திரேலிய நிறுவனத்துக்கு 130 மில்லியன் பவுண்டுக்கு விற்றது. கொரோனாக் காலம் என்பதால் அந்தச் செய்தி வணிகப் பக்கத்தைத் தாண்டவில்லை. தேர்வு எழுதுகிறவர்களுக்கும் அதனால் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. அதே வினாத்தாள், அதே மதிப்பெண் முறை. கட்டணம் போய்ச் சேரும் இடம்தான் மாறியது.

விற்றது சாதாரணக் கம்பெனியாக இருந்திருந்தால் பேச எதுவுமில்லை. பிரிட்டிஷ் கவுன்சில், இங்கிலாந்தின் அறநிறுவனப் பதிவேட்டில் இருக்கும் அமைப்பு. அரச சாசனம் பெற்றது. நாடுகளுக்கிடையே பண்பாட்டு உறவையும் கல்வியையும் வளர்ப்பது அதன் வேலை. அப்படிப்பட்ட ஒன்றின் கையில் 130 மில்லியன் பவுண்டு பெறுமானமுள்ள சரக்கு எப்படி வந்து சேர்ந்தது? வந்ததை ஏன் விற்க நேர்ந்தது? இரண்டு கேள்விகளுக்கும் விடை தேட 1930களுக்குப் போக வேண்டும்.

1934இல் இந்த அமைப்பைத் தொடங்கியவர்கள் பெரிய கவலையில் இருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1883இலேயே அலியான்ஸ் பிரான்சேஸை நிறுவி ஊர் ஊராகத் தங்கள் மொழியைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இத்தாலியர்களுக்கு 1889 முதல் தாந்தே அலிகியேரி சங்கம் இருந்தது. முசோலினியும் ஹிட்லரும் வந்த பிறகு மத்தியதரைக் கடல் நாடுகளில் பள்ளியும் புத்தகமும் பிரசாரக் கருவிகளாகின. ஆங்கிலேயர்களோ தங்கள் பெருமையைத் தாங்களே சொல்லிக்கொள்வது அநாகரிகம் என்ற நினைப்பில் இருந்தார்கள். இந்த மெத்தனம் ஆபத்து என்று வெளியுறவுத் துறைக்குள்ளிருந்தே வாதாடியவர் ரெக்ஸ் லீப்பர். அப்படித்தான் பிற நாடுகளுடனான உறவுக்கான குழு ஒன்று உருவாகி, சில காலத்திலேயே பிரிட்டிஷ் கவுன்சில் என்று பெயர் மாறியது. 1938இல் முதல் வெளிநாட்டு அலுவலகங்கள் திறக்கப்பட்டன. எகிப்து, போர்ச்சுகல், போலந்து, ருமேனியா என்ற அந்த நாடுகளின் வரிசையைப் பார்த்தாலே எதை மனத்தில் வைத்து இடம் தேர்ந்தார்கள் என்பது புரியும்.

1937இல் தலைமையேற்ற லார்டு லாயிட் நம்மவர்களுக்கு அறிமுகமான ஆள்தான். 1918 முதல் 1923 வரை பம்பாய் ஆளுநராக இருந்தவர். 1922இல் காந்தி கைதாகி ஆறாண்டுச் சிறைத்தண்டனை பெற்றது இவருடைய ஆட்சியில். பேரரசின் மேல் கொஞ்சமும் சந்தேகமில்லாத ஒரு மனிதர், ‘அரசியல் கலவாத பண்பாட்டு உறவு’ என்ற கொள்கையுடைய அமைப்பை வளர்த்தெடுத்தார் என்பது வேடிக்கைதான். ஆனாலும் அவர் காலத்தில்தான் 1940இல் அரச சாசனம் கிடைத்தது. வெளியுறவுத் துறையின் பணத்தில் நடந்தாலும் அதன் ஆணைக்கு அன்றாடம் கட்டுப்படாத ஒரு கைநீள இடைவெளியைச் சாசனம் உறுதிசெய்தது. அந்த இடைவெளிதான் கவுன்சிலின் மூலதனம். பிற்காலத்தில் வந்த சிக்கல்களில் பலவும் அதைப் பற்றியவையே.

போர்க்காலத்தில் போலந்து, செக்கோஸ்லோவாக்கியா முதலிய நாடுகளிலிருந்து தப்பி வந்த படைவீரர்களுக்கும் அகதிகளுக்கும் கவுன்சில் ஆங்கில வகுப்புகளும் கூடிப் பேச மன்றங்களும் நடத்தியது. போர் முடிந்ததும், இனி இது எதற்கு என்ற கேள்வி எழுந்தது. லார்டு பீவர்புரூக்கின் எக்ஸ்பிரஸ் பத்திரிகைகள், வரிப்பணத்தில் கவிதை வாசிக்கிறார்கள் என்கிற தோரணையில் ஆண்டுக்கணக்கில் தாக்கின. 1950களின் தொடக்கத்தில் டிரோகெடா பிரபு தலைமையிலான குழு ஆராய்ந்து ஒரு திருப்பத்தைப் பரிந்துரைத்தது. ஐரோப்பாவில் இசை, ஓவியம், நாடகம் என்று செலவழிப்பதைக் குறைத்துக்கொண்டு, புதிதாக விடுதலை பெறும் ஆசிய ஆப்பிரிக்க நாடுகளில் ஆங்கிலக் கல்விக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் முதலிடம் கொடுக்கச் சொன்னது.

இந்தியாவில் கவுன்சில் 1948இல் கால் வைத்தது. ஆண்டவர்கள் கப்பலேறிய மறுவருஷம் அவர்களுடைய புத்தகங்கள் வந்திறங்கின. சென்னையில் அண்ணா சாலை 735ஆம் எண்ணில் தேவநேயப் பாவாணர் மாவட்ட மைய நூலகம், 737இல் பிரிட்டிஷ் கவுன்சில். ஒன்றில் நாளிதழுக்குக் காத்திருக்கும் கூட்டம், பழுப்பேறிய அட்டைகள். மற்றதில் சந்தா கட்டினால் குளிர்சாதன அறையில் லண்டனில் வெளியான புதிய புத்தகம். நகரத்தின் ஆங்கிலம் படித்த நடுத்தர வர்க்கத்துக்கு அது ஒரு சன்னல். தமிழில் மட்டும் படித்த இளைஞனுக்கு உள்ளே நுழையக் கூச்சம் தரும் கதவு. இரண்டும் உண்மை. இதோடு, பிரிட்டிஷ் அரசின் மானியத்தில் 1960களில் வரத்தொடங்கிய இஎல்பிஎஸ் மலிவுப் பதிப்புகளையும் சொல்ல வேண்டும். பெய்லி அண்ட் லவ் அறுவைச் சிகிச்சை நூலை அந்தப் பதிப்பில் படித்துத் தேறிய மருத்துவர்கள் இன்றும் தமிழ்நாட்டில் தொழில் செய்கிறார்கள். அத்திட்டம் 1997இல் நின்றுபோனது.

நூலகத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நாம் பேசாத ஒரு வேலை உண்டு. என் பார்வையில், கவுன்சில் தமிழ்நாட்டில் செய்தவற்றுள் ஆழமானது அதுதான்.

1950களின் இறுதியில் சென்னை மாநில அரசு தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களை மறுபயிற்சிக்கு உட்படுத்த முடிவுசெய்தது. கவுன்சில் துணைக்கு வந்தது. ஆசிரியர்களின் எண்ணிக்கையோ 27,000. அத்தனை பேருக்கும் நிபுணர்களே நேரில் பாடம் நடத்த முடியாது. எனவே முதலில் கொஞ்சம் பேரைப் பயிற்றுவித்து, அவர்கள் அடுத்த கட்டத்தினரைப் பயிற்றுவித்து, அவர்கள் ஊர்களுக்குப் போய் மற்றவர்களைப் பயிற்றுவிப்பது என்று திட்டமிட்டார்கள். பனி விழாத ஊரில் நடந்த இத்திட்டத்துக்கு ஆங்கிலக் கல்வி ஆய்விதழ்களில் ‘மெட்ராஸ் ஸ்நோபால்’ (பனிப்பந்து) என்று பெயர் நிலைத்துவிட்டது. கற்பித்தது ‘ஸ்ட்ரக்சுரல்’ முறை. வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பார்கள். ‘திஸ் இஸ் எ பென், தட் இஸ் எ புக்’ என்று வகுப்பே கோரஸாகக் கத்தியது அறுபதுகளிலும் எழுபதுகளிலும் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கோரஸின் ஊற்றுக்கண் இந்தப் பயிற்சிதான்.

இருபது ஆண்டு கழித்து அதே முறையைக் கேள்வி கேட்டவரும் கவுன்சிலின் சென்னை அலுவலகத்திலேயே இருந்தார். என். எஸ். பிரபு அங்கே ஆங்கிலக் கல்வி அலுவலராகப் பணியாற்றியவர். மாணவர்கள் வாக்கிய அமைப்புகளை ஒப்பிக்கிறார்கள், தேர்விலும் எழுதுகிறார்கள், ஆனால் வகுப்புக்கு வெளியே ஒரு வாக்கியம் சொந்தமாக வருவதில்லை. இது ஏன் என்று யோசித்தார். இலக்கணத்தில் கவனம் வைத்தால் இலக்கணம் வராது, பொருளில் கவனம் வைத்தால் இலக்கணம் தானாகப் படியும் என்பது அவருடைய ஊகம். 1979இல் பெங்களூரிலுள்ள தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்தோடு சேர்ந்து இந்த ஊகத்தைச் சோதிக்கத் தொடங்கினார். பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய ஊர்களில் சாதாரணப் பள்ளி வகுப்புகளே சோதனைக் களம்.

அந்த வகுப்புகளில் பாடப்புத்தகம் இல்லை. கரும்பலகையில் ஒரு ரயில் கால அட்டவணை இருக்கும். இந்த ஊரிலிருந்து எந்த ரயிலில் கிளம்பினால் இத்தனை மணிக்குள் அந்த ஊரை அடையலாம், இடையில் எங்கே மாற வேண்டும் என்று ஆசிரியர் ஆங்கிலத்தில் கேட்பார். முதலில் சிலரோடு எல்லோர் முன்னாலும் கேள்வி பதில் நடக்கும். பிறகு அதே மாதிரியான இன்னொரு கணக்கை மாணவர்கள் தனித்தனியே போடுவார்கள். விடை சரியா தப்பா என்றுதான் ஆசிரியர் பார்ப்பார். இலக்கண விதி சொல்லித்தரப்பட மாட்டாது. வரைபடம், வகுப்பு நேர அட்டவணை, விலைப்பட்டியல் என்று இப்படியே 1984 வரை ஐந்தாண்டு ஓடியது. எடின்பரோ பல்கலைக்கழகத்திலிருந்து ஆலன் டேவிஸும் பெரெட்டாவும் வந்து மதிப்பிட்டார்கள். அவர்களுடைய முடிவு எச்சரிக்கையோடுதான் சாதகமாக இருந்தது. சோதனை முழு வெற்றி என்று யாரும் கொடி பிடிக்கவில்லை. இருந்தாலும் 1987இல் பிரபு எழுதி வெளியான நூல், ‘டாஸ்க்’ அடிப்படையிலான மொழிக் கற்பித்தல் என்று இன்று உலகெங்கும் வழங்கும் போக்கின் முன்னோடி நூல்களில் ஒன்றாகிவிட்டது. கடலூர்ப் பள்ளிப் பிள்ளைகள் ரயில் கணக்குப் போட்டது ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் ஆசிரியர் பயிற்சிப் பாடமானது.

கவுன்சிலைக் குறைகூற நினைப்பவர்கள் ராபர்ட் பிலிப்சனைத் துணைக்கழைப்பார்கள். கவுன்சிலிலேயே வேலை பார்த்துவிட்டு வெளியேறிய அவர் 1992இல் எழுதிய ‘மொழி ஏகாதிபத்தியம்’ என்ற நூல், ஆங்கிலக் கல்வி உதவி என்பது பழைய ஆதிக்கத்தின் புது வடிவம் என்று வாதிட்டது. ஸ்நோபாலைப் பொறுத்தவரை அதை முழுக்க மறுக்க முடியாது. லண்டனில் தயாரான முறை ஒன்று மேலிருந்து கீழே உருண்டு வந்தது. பிரபுவின் கதை அந்தச் சட்டகத்தில் அடங்காது. இங்குள்ள ஒருவர் இங்குள்ள வகுப்பறையிலிருந்து கிளப்பிய கேள்வி, கவுன்சிலின் வழியாகவே வெளியே போய் அவர்களுடைய பாடத்தைத் திருத்தியது. நாடுகளை இணைப்பது என்பதற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இதனால் யாருக்கும் ஒரு பவுண்டு வருமானம் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிரபு சோதனையைத் தொடங்குவதற்குச் சற்று முன்னர், 1977இல், லண்டனில் அமைச்சரவையின் கொள்கை ஆய்வுக் குழு கவுன்சிலையே கலைத்துவிடலாம் என்று பரிந்துரைத்தது. பெரிய எதிர்ப்பு எழுந்ததால் தப்பியது. அடுத்து வந்த தாட்சர் அரசு மானியத்தை இறுக்கியது. அப்போதிருந்து ‘சொந்தக் காலில் நில்’ என்பதே ஒவ்வொரு அரசும் சொன்ன மந்திரம். கவுன்சிலுக்கு விற்கத் தெரிந்த பொருள் ஒன்றுதான், ஆங்கிலம். கட்டண வகுப்புகள் பெருகின. தேர்வும் அப்படித்தான் வளர்ந்தது. உதவித்தொகை பெற்று வரும் மாணவர்களுக்கு ஆங்கிலம் போதுமா என்று பார்க்க 1960களில் ஒரு சோதனைத் தாள் தயாரித்திருந்தார்கள். அதைத் தயாரித்தவர், பின்னாளில் பிரபுவின் வகுப்புகளை மதிப்பிட வந்த அதே ஆலன் டேவிஸ். 1980இல் அதன் இடத்தில் கேம்பிரிட்ஜோடு சேர்ந்து நடத்திய இன்னொரு தேர்வு வந்தது. 1989இல் ஆஸ்திரேலியத் தரப்பும் சேர்ந்துகொள்ள அது ஐஇஎல்டிஎஸ் ஆனது. தாங்கள் பணம் கொடுத்து அழைத்த மாணவர்களைச் சோதிக்கப் பிறந்த தேர்வு, தாங்களே பணம் கட்டிப் போகிறவர்களின் நுழைவாயிலாக மாறியது. 2018இல் உலகம் முழுக்க 35 லட்சம் தேர்வுகளுக்கு மேல் நடந்தன.

தமிழ்நாட்டில் ‘ஐஇஎல்டிஎஸ் எழுதியாச்சா?’ என்பது இன்று கல்யாண வீட்டில்கூடக் கேட்கும் கேள்வி. ‘ஓவரால் ஏழு, ரைட்டிங்கில் மட்டும் ஆறரை போதும்’ என்று நர்ஸிங் முடித்த பெண்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். நடுவில் ஓர் அட்டையைக் கொடுத்து ஒரு நிமிடம் யோசிக்கவிட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். கோச்சிங் சென்டர்களில் இந்த இரண்டு நிமிடத்துக்கான பேச்சுகள் மனப்பாடம் செய்விக்கப்படுகின்றன. ஸ்ட்ரக்சுரல் கோரஸ் இன்னொரு உடுப்பில் திரும்பி வந்திருக்கிறது. இந்தியாவில் கட்டணம் 17,000 ரூபாய்க்கு மேல். முடிவு இரண்டு ஆண்டுதான் செல்லும். மதிப்பெண்ணில் அரை பேண்ட் குறைந்தால் திரும்பவும் கட்ட வேண்டும். ஈழத்தமிழர்களுக்கு இது இன்னும் நெருங்கிய விஷயம். யாழ்ப்பாணத்துப் பெண் லண்டன் மாப்பிள்ளையைக் கட்டினால், 2010 முதல் துணைவர் விசாவுக்கு அடிப்படை ஆங்கிலம் காட்டியாக வேண்டும். 2015இல் அதற்கென்றே ஐஇஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் தேர்வு வந்தது. முன்பின் தெரியாத இரண்டு பேரைத் தேர்வாளர் முன் சேர்த்து உட்காரவைத்து, அவரோடும் ஒருவரோடொருவரும் பேசவைப்பார்கள். கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். புருஷனோடு சேர்ந்து வாழ அனுமதி கிடைக்குமா என்பது அந்த உரையாடலையும் பொறுத்தது. பண்பாட்டு உறவுக்கான அமைப்பு எல்லைக் காவலின் ஓர் அங்கமாகவும் ஆகிவிட்டதை இதைவிட வெளிப்படையாகக் காட்ட முடியாது.

கொரோனாவுக்கு முந்தைய ஆண்டில் கவுன்சிலின் வரவுசெலவு 130 கோடி பவுண்டு அளவில் இருந்தது. அதில் அரசு மானியம் ஏறத்தாழ 15 விழுக்காடு. மீதியில் பெரும்பகுதி வகுப்பும் தேர்வும் ஈட்டியது. சம்பாதிக்கிற பிள்ளை சம்பாதிக்காத பிள்ளைகளுக்குச் சோறு போடுவதுபோல, தேர்வின் உபரியில் கலை விழாவும் ஆசிரியர் பயிற்சியும் நடக்கட்டும் என்பது ஏற்பாடு. காகிதத்தில் நன்றாகவே இருந்தது. 2015க்குப் பிறகு மானியத்தைப் பெரும்பாலும் வளர்ச்சி உதவிக் கணக்கிலேயே தந்தார்கள். வளர்ந்த நாடுகளில் செய்யும் வேலைக்கு உபரிதான் கதி என்றானது. உபரி எங்கே கிடைக்குமோ அங்கே கவனமும் போகும். இந்தியாவில் திருவனந்தபுரம், போபால் நூலகங்கள் 2008ஐ ஒட்டி மூடப்பட்டன. போபாலில் அந்த நூலகம் விவேகானந்தர் பெயரில் மாநிலத்தின் கைக்குப் போனது. புத்தகம் இரவல் கொடுப்பதில் நட்டம், தேர்வு நடத்துவதில் லாபம். கணக்குப் பிள்ளையிடம் பொறுப்பைக் கொடுத்தால் அவர் வேறெப்படி முடிவெடுப்பார்?

அரசியல் இடைவெளி என்ற மூலதனமும் கரைந்துகொண்டிருந்தது. உள்நாட்டில் அறநிறுவனம் என்றாலும், பல நாடுகளில் சட்டப்படி தூதரகத்தின் ஒரு பிரிவாகவே கவுன்சில் இயங்கியது. இந்தியாவிலும் அப்படித்தான். இந்த இரட்டை வேடத்தை ரஷ்யா பிடித்துக்கொண்டது. வரிப் பிரச்சினை, சட்ட அந்தஸ்து என்று இழுத்து 2008இல் மாஸ்கோவுக்கு வெளியே இருந்த அலுவலகங்களை நிறுத்தவைத்தது. 2018இல் முன்னாள் ரஷ்ய உளவாளி ஸ்கிரிபாலுக்கு இங்கிலாந்தில் நஞ்சூட்டிய விவகாரத்தின்போது நாடு முழுவதும் மூடச் சொன்னது. 2025 ஜூனில் ‘விரும்பத்தகாத அமைப்பு’ என்றே அறிவித்துவிட்டது. ஈரானில் 2019இல் கவுன்சிலோடு ஒத்துழைப்பதே குற்றமானது. லண்டன் அலுவலகத்தில் பணியாற்றிய ஈரானியப் பெண் ஒருவர் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்று, பிறகு விடுவிக்கப்பட்டார்.

காபூலில் நடந்தது வேறு வகை. 2011 ஆகஸ்ட் 19 அன்று, பிரிட்டனிடமிருந்து பெற்ற விடுதலையை ஆப்கானியர் கொண்டாடும் நாளாகப் பார்த்து, தாலிபான் கவுன்சில் வளாகத்தைத் தாக்கியது. பத்தாண்டு கழித்துத் தாலிபான் ஆட்சியைப் பிடித்தபோது, அலுவலக ஊழியர்கள் வெளியேற வழி கிடைத்தது. கவுன்சிலுக்காக ஊர் ஊராகப் போய் ஆங்கிலம் கற்பித்த ஒப்பந்த ஆசிரியர்கள் பலர் அங்கேயே கைவிடப்பட்டு ஒளிந்து வாழ்ந்தார்கள். ஆபத்து அதிகம் அவர்களுக்குத்தான், ஏனென்றால் ஊருக்கே தெரிந்த முகங்கள் அவர்களுடையவை. ஒப்பந்தம் என்ற சொல் அவர்களுக்கும் கவுன்சிலுக்கும் இடையே எழுப்பிய சுவரைக் கவுன்சிலின் வரலாற்றில் நீங்காத கறையாகவே நான் எண்ணுகிறேன்.

2020இல் தேர்வு மையங்களும் வகுப்புகளும் உலகெங்கும் ஒரே நேரத்தில் மூடப்பட்டன. சம்பாதிக்கிற பிள்ளை படுத்துவிட்டது. அரசு மானியமாகக் கொடுத்துக் காப்பாற்றவில்லை. 20 கோடி பவுண்டுக்குச் சற்றுக் குறைவாகக் கடன் கொடுத்தது, அதுவும் வட்டிக்கு. 2021இல் ஏறத்தாழ 20 நாடுகளில் அலுவலகம் மூடுவதாக அறிவிப்பு வந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற வசதியான நாடுகளோடு சியரா லியோன், நமீபியா போன்ற வளரும் நாடுகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. அதே ஆண்டில்தான் இந்தியத் தேர்வுத் தொழில் கைமாறியது. கடனுக்கு ஆண்டுதோறும் போகும் வட்டியே ஒரு கோடி பவுண்டைத் தாண்டியது. 2025 ஜனவரியில் அப்போதைய தலைமை நிர்வாகி ஸ்காட் மக்டொனால்ட், இப்படியே போனால் பத்தாண்டுக்குள் கவுன்சில் இல்லாமல் போகலாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். 1938இலிருந்து சேர்த்துவந்த ஓவியங்களையும் சிற்பங்களையும் கடனுக்கு ஈடாகத் தரலாமா என்கிற அளவுக்குப் பேச்சு போனது.

டெல்லியில் சார்லஸ் கொரியா வடிவமைத்து 1992இல் திறக்கப்பட்ட கவுன்சில் கட்டடத்தின் முகப்பில் ஹோவர்ட் ஹாட்ஜ்கினின் பெரிய சுவரோவியம் இருக்கிறது. வெள்ளை மக்ரானாப் பளிங்கில் கருப்புக் கடப்பாக் கல்லைப் பதித்த மரநிழல். நம் சமையலறை மேடைக்குப் போடுகிற அதே கல். அப்படி ஒன்றை இன்று யாராவது கவுன்சிலின் நிதிக் குழு முன் வைத்தால், இதில் வரவு என்ன என்றுதான் முதல் கேள்வி வரும்.

தேர்வை யார் வேண்டுமானாலும் நடத்தலாம். ஐடிபி நடத்துகிறது, இன்னும் நாலு கம்பெனிகள் நடத்துகின்றன, யாருக்கும் குறையில்லை. ஐந்தாண்டு காத்திருந்து, தோற்றாலும் பரவாயில்லை என்று கடலூர் வகுப்பறை ஒன்றில் புது முறையைச் சோதித்துப் பார்க்க எந்தக் கம்பெனியும் முன்வராது. அதற்குத்தான் அறநிறுவனம் வேண்டும், அதற்கான பணத்தை வரிப்பணத்திலிருந்துதான் தர முடியும். பிரிட்டிஷ் அரசு அந்தக் கடனை மானியமாக மாற்ற வேண்டும், அல்லது இனி தேர்வுக் கம்பெனி ஒன்று போதும் என்று ஒப்புக்கொண்டு அறநிறுவனப் பதிவேட்டிலிருந்து கவுன்சிலின் பெயரை எடுத்துவிட வேண்டும்.